மாற்றார் அணியில் ஆள் மாற்றம்

விளையாட்டுப் பருவம் ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்குமுன் உள்ள இடைக்காலத்தில் ஆடுகளம் வெறிச்சோடிக் கிடக்கும். பந்து உருளாது; கோல் விழாது. ஆயினும் அடுத்த பருவத்து வெற்றி தோல்விகளுட் பல அவ்விடைக்காலத்திலேயே கருக்கொள்கின்றன. எதிரணியிலிருந்து யார் விலகினார், யார் புதிதாய்ச் சேர்ந்தார், யார் இடம் மாறி ஆடப்போகிறார் என்னும் செய்திகள் வாய்வழியாகவும் பத்திரிகை வழியாகவும் வந்துகொண்டிருக்கும். அவற்றைக் கேட்டுத் துள்ளுவோரும் உளர், துவள்வோரும் உளர், எடைபோட்டுப் பார்ப்போர் சிலரே. எடைபோடும் வகை யாது என்பதை ஹொக்கி ஆட்டத்தின் வரலாற்றைக் கொண்டு விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கண்டி மாநகரில் ரக்பி ஆட்டத்துக்கே பெயர் மிகுதி. ஆனால் இங்கிருந்து வடக்கே கட்டுகஸ்தோட்டை, அக்குறணை வழியாக ஏறக்குறைய 26 கிலோமீற்றர் சென்றால் மாத்தளையை அடைவோம். அவ்வூர் ஹொக்கிக்குப் பேர்போனது. அங்குள்ள பாடசாலைகளோடு மோதும் கண்டிப் பாடசாலை அணிகள் யாவும் ஆண்டிறுதியில் ஒரே கணக்கைப் போடுகின்றன. உயர்தரப் பரீட்சை எழுதி வெளியேறுவோர் இத்தனை பேர், வயதெல்லை கடந்தோர் இத்தனை பேர், மிஞ்சுவோர் இத்தனை பேர் என்பதே அக்கணக்கு. எதிரணியில் நால்வர் ஐவர் போய்விட்டனர் என்று அறிந்தவுடன் நம் மாணவர் முகத்தில் தோன்றும் மலர்ச்சியைப் பார்த்தால், கிண்ணம் ஏற்கெனவே அலுமாரிக்குள் வந்துவிட்டதோ என்று ஐயுறத் தோன்றும். அம்மலர்ச்சிக்கு ஆதாரம் உண்டா என்பதே ஆராயத்தக்கது.

திருவள்ளுவர் பொருட்பாலில் ‘வலியறிதல்’ என 48ஆம் அதிகாரத்தை வகுத்தார். தன் ஆற்றல், பகைவன் ஆற்றல் என்னும் இரண்டோடு அவர் நின்றுவிடவில்லை. எடுத்த காரியத்தின் கடுமையையும், இருதிறத்தார்க்கும் பின்னின்று உதவுவோர் ஆற்றலையும் உடன்சேர்த்து நிறுக்குமாறு பணித்தார். விளையாட்டைப் பற்றி எழுதுவோருட் பலர் முன்னிரண்டையும் பேசிப் பின்னிரண்டையும் கைவிடுகின்றனர். எதிரணியின் பெயர்ப்பட்டியலைப் படிக்கும்போது நேரும் வழுக்களுட் பெரும்பாலன அந்நான்காவதாகிய துணைவலியை மறந்ததனால் விளைவன என்பதை மேலே காண்போம்.

முதற்கண், ஒரு பெயர் பட்டியலிலிருந்து நீங்குவது என்றால் என்ன என்பதைத் தெளிதல் வேண்டும். ஹொக்கி அணியில் களத்தில் நிற்போர் பதினொருவர். பழைய முறைப்படி முன்னணியில் ஐவர், அவர்க்குப் பின் ‘ஹாஃப்’ எனப்படும் இடைநிலையார் மூவர், அவர்க்குப் பின் காவலர் இருவர், கடையில் கோல் காப்பாளர் ஒருவர். பதினொருவரும் ஒரே நிறையினர் அல்லர். ஓரத்தில் ஓடும் முன்னணியாளர் ஒருவர் விலகினால், விரைவாக ஓடும் மற்றொருவரை ஒரு தவணைக்குள் பழக்கிவிடலாம். நடுவில் நிற்கும் ‘சென்டர் ஹாஃப்’ விலகினால் அங்ஙனம் செய்தல் அரிது. எதிரியின் நடு முன்னணியாளரைத் தடுப்பவரும் அவரே. பந்தைப் பெற்று எப்பக்கம் அனுப்புவது என்று முடிவு செய்பவரும் அவரே. முன்னும் பின்னும் அவர் வழியாகவே தொடர்புகொள்கின்றன. கோல் காப்பாளரின் நிலை வேறு. அவர் பிழைத்தால் அதைத் திருத்தப் பின்னால் ஆளில்லை. ஆகவே, ‘ஐவர் போயினர்’ என்பது அரைச் செய்தி. எந்த ஐவர் என்பதே முழுச் செய்தி.

இடத்தைப் போலவே இணையும் நோக்கற்பாலது. 1932ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக் விழாவில் இந்திய அணி அமெரிக்க அணியை 24-1 என்னும் கணக்கில் வென்றபோது ரூப்சிங் 10 கோல்களும் அவர் தமையனார் தியான்சந்த் 8 கோல்களும் அடித்தனர். அவ்விருவரும் அருகருகே ஆடியவர். ஒருவர் எங்குப் பந்தை விடுவார் என்பது மற்றவர்க்குக் கண்ணால் நோக்காமலே தெரியும். அத்தகைய இணையில் ஒருவரை அகற்றினால் இழப்பு ஒன்றன்று, எஞ்சியவரும் பாதியாகிறார். (அமெரிக்காவுக்குச் செல்லும் வழியில் அவ்வணி கொழும்பில் இறங்கி இலங்கை அணியோடு இருமுறை ஆடிற்று. 20-0, 10-0 என்பன அவ்வாட்டங்களின் முடிவுகள். இலங்கையர் இதனை நினைவிற் கொள்ளுதல் தகும். அடக்கம் கற்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.)

இதற்கு மறுதலையாக, தக்க இடத்தில் ஒருவரைச் சேர்த்தால் விளையும் பயனுக்கு 1936ஆம் ஆண்டு பேர்லின் விழா சான்று. விழா தொடங்குமுன் நிகழ்ந்த பயிற்சி ஆட்டமொன்றில் ஜேர்மனியர் இந்தியரை 4-1 எனத் தோற்கடித்தனர். தலைவரான தியான்சந்துக்கு அன்றிரவு உறக்கம் வந்திராது. முன்னணியில் நடுவர்க்கு வலப்பக்கத்து இடம் வலுவற்றிருந்தது. அவ்விடத்துக்கு அலி இக்திதார் ஷா தாரா என்பவரை அனுப்புமாறு தாயகத்துக்குச் செய்தி போயிற்று. தாரா ஆகாய விமானத்தில் வந்துசேர்ந்து அரையிறுதியிலும் இறுதியிலும் ஆடினார். ஓகஸ்ட் 15ஆம் நாள் நடந்த இறுதியாட்டத்தில் அதே ஜேர்மனியரை இந்தியா 8-1 என வென்றது. தாரா இரண்டு கோல்கள் அடித்தார். பயிற்சி ஆட்டத்தின் முடிவை மட்டும் அறிந்து பந்தயம் கட்டிய ஜேர்மானியர் எவரேனும் இருந்தால், இடைக்காலத்து ஆள் மாற்றத்தை நோக்காமைக்கு உரிய விலையைக் கொடுத்திருப்பர்.

இந்தத் தாராவே நம்மைக் கட்டுரையின் நடுப்பொருளுக்கு அழைத்துச் செல்கிறார். போர் காரணமாக 1940, 1944 ஆகிய ஆண்டுகளில் ஒலிம்பிக் விழா நடைபெறவில்லை. 1948இல் இலண்டனில் மீண்டும் விழா கூடியபோது தாரா அங்கே வந்திருந்தார். ஆனால் இந்திய அணியில் அல்லர். பாகிஸ்தான் என்னும் புதிய நாட்டின் முதல் ஒலிம்பிக் ஹொக்கி அணிக்கு அவர் தலைவராய் வந்தார்.

1947ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் நிகழ்ந்த பிரிவினையை விளையாட்டுக் கண்கொண்டு மட்டும் நோக்குவது மனிதத்தன்மையன்று. இலட்சக்கணக்கானோர் உயிரிழந்தனர், கோடிக்கு மேற்பட்டோர் இடம்பெயர்ந்தனர். எனினும், ஒரே நாளில் ஓர் அணி இரண்டாகக் கிழிந்ததற்கும், கிழிந்த இரு துண்டுகளும் ஒன்றுக்கொன்று மாற்றார் ஆனமைக்கும் விளையாட்டு வரலாற்றில் இதனினும் பெரிய எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை. லாகூர் அரசினர் கல்லூரியில் ஒருங்கு பயின்று பஞ்சாப் அணியில் ஒருங்கு ஆடியவர்கள் கேசவ் தத், நந்தி சிங் எனப்பட்ட கிரகநந்தன் சிங், ஷாருக் ஆகிய மூவர். அடுத்த ஆண்டு இலண்டனில் முன்னிருவர் இந்தியாவுக்கும் மூன்றாமவர் பாகிஸ்தானுக்கும் ஆடினர். லாகூரில் கல்லூரி வாழ்வைத் தொடங்கிய பல்பீர் சிங், பின்னர் அமிர்தசரஸ் கால்சா கல்லூரியில் ஹர்பைல் சிங் என்னும் பயிற்றுநரிடம் பயின்றார். அவர் இந்தியப் பக்கத்தில் நின்றார்.

1948ஆம் ஆண்டு இலண்டனில் இருந்த நோக்கர் ஒருவர் பாகிஸ்தானின் பட்டியலை எவ்வாறு எடைபோட்டிருப்பார் என்று சற்றுக் கருதிப் பார்ப்போம். தலைவர்க்கு வயது முப்பத்து மூன்று. பழைய வெற்றிகளின் பெயர் பெரும்பாலும் இந்தியாவோடு போயிற்று. நாட்டின் ஹொக்கிச் சம்மேளனமே அவ்வாண்டில்தான் தோன்றிற்று. அவ்வணி நான்காம் இடத்தோடு திரும்பியது. இந்தியாவோ கிஷன்லால் தலைமையில், தன்னை ஆண்டிருந்த பிரித்தானியரை ஓகஸ்ட் 12ஆம் நாள் வெம்பிளி அரங்கில் 4-0 என வென்று தங்கம் கொண்டது. 1952இல் ஹெல்சிங்கியில் இந்தியா ஒல்லாந்தரை இறுதியாட்டத்தில் 6-1 என வென்றது. ஆறில் ஐந்து பல்பீர் சிங் அடித்தவை. பாகிஸ்தான் மீண்டும் நான்காம் இடமே பெற்றது. பட்டியலை மட்டும் பார்க்கும் நோக்கர், “பிரிவினையால் இந்திய ஹொக்கிக்கு நட்டமில்லை, மாற்றான் நலிந்தவன்” என்று எழுதி ஒப்பமிட்டிருப்பார். அன்றைய பதக்கங்களும் அவர் பக்கமே சாட்சி சொல்லியிருக்கும்.

அதன்பின் நடந்ததைக் கணக்காகவே காட்டலாம். 1956 டிசெம்பர் 6ஆம் நாள் மெல்பேண் இறுதியாட்டத்தில் இந்தியா 1, பாகிஸ்தான் 0. 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் இரண்டும் 0-0 எனச் சமமாகிக் கோல் விகிதத்தால் பாகிஸ்தான் தங்கம் பெற்றது. 1960 செப்டெம்பர் 9ஆம் நாள் ரோமில் பாகிஸ்தான் 1, இந்தியா 0. ஆட்டத்துக்கு ஒரு கோலாக இந்தியாவின் கை இறங்கி, நான்காண்டுக்குள் தராசு முழுவதும் சாய்ந்தது. 1928 தொட்டு ஒலிம்பிக்கில் தோல்வி காணாத அணியின் தொடர் வெற்றி ரோமில் நசீர் புந்தா முற்பாதியில் அடித்த ஒரு கோலால் அறுந்தது.

இச்சாய்வுக்குக் காரணம் என்ன? இரண்டு காரணங்கள் புலப்படுகின்றன. சிறியதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

போபால் நகரம் ஹொக்கியின் பழைய தொட்டில்களுள் ஒன்று. அந்நகரத்தாராகிய லத்தீபுர் ரகுமான், அக்தர் உசேன் என்னும் இருவர் 1948இல் இந்தியாவுக்காக ஆடித் தங்கப் பதக்கம் பெற்றனர். பின்னர் இருவரும் பாகிஸ்தானுக்குக் குடிபெயர்ந்தனர். லத்தீப் 1952இலேயே பாகிஸ்தான் அணியில் இடம்பெற்றார். 1956இல் மெல்பேணில் வெள்ளிப் பதக்கம் பெற்ற பாகிஸ்தான் அணியில் இருவர் பெயரும் உள்ளன. அவர்களுக்கு எதிரே நின்ற இந்திய அணியில் பல்பீர் சிங், லெஸ்லி குளோடியஸ், ரந்தீர் சிங் ஜென்டில் ஆகியோர் இருந்தனர். மூவரும் இலண்டனில் அவ்விருவரோடு ஒரே சட்டை அணிந்தவர். அன்று பெனால்டி கோர்னரிலிருந்து வெற்றிக்கோலை அடித்தவர் ஜென்டில். ஒரு வீரன் பெயர்ந்து மாற்றார் அணியில் சேரும்போது அவனுடைய கால்களும் கைகளும் மட்டும் போவதில்லை. நம் பயிற்சிமுறை, நம் தலைவரின் வழக்கம், நெருக்கடியில் நாம் எப்பக்கம் பந்தைத் தள்ளுவோம் என்னும் அறிவு ஆகியனவும் அவனோடு போகின்றன. பட்டியலில் இஃது ஒரு பெயராகவே தோன்றும்.

பெரிய காரணம் துணைவலி. பிரிவினையின்போது பாகிஸ்தானுக்குப் போனது ஆட்டக்காரர் சிலர் என்று கணக்கிட்டோர் தவறான பொருளை எண்ணினர். லாகூரும் ராவல்பிண்டியும் கராச்சியும் போயின. அவற்றின் கல்லூரிகளும் கழகங்களும் மைதானங்களும் போயின. மாலைதோறும் அம்மைதானங்களில் கோலும் பந்துமாய் ஓடிய சிறுவர் போயினர். அச்சிறுவர் பெயர்கள் எந்தப் பட்டியலிலும் இருந்ததில்லை. 1947இல் பன்னிரண்டு வயதுச் சிறுவனாயிருந்தவன் 1960இல் இருபத்தைந்து வயதுக் காளையாவான். ஹொக்கி வீரனுக்கு அதுவே முற்றிய பருவம். ரோமில் வென்ற பாகிஸ்தானியருட் பெரும்பாலோர் பிரிவினைக் காலத்தில் பள்ளிப் பருவத்தினர். ஆக, 1947இல் நடந்த ஆள் மாற்றத்தின் பயன் 1948இலும் வரவில்லை, 1952இலும் வரவில்லை. பதின்மூன்று ஆண்டு கழித்தே வந்தது. நாற்று நட்ட அன்றே கதிர் தேடுவோர் அவ்வயலில் ஒன்றுமில்லை என்று சொல்லிப் போயிருப்பர்.

இந்தியப் பக்கத்திலும் தொட்டில்கள் இருந்தன என்பதை மறைத்தல் ஆகாது. ஜலந்தரை அடுத்த சன்சார்பூர் என்னும் ஒரு சிற்றூர் பதினான்கு ஒலிம்பிக் வீரரை ஈன்றது. அவருள் சிலர் கென்யா, கனடா முதலிய நாடுகளுக்கு ஆடினர் என்பது தனிக்கதை. சென்னையிலிருந்து வி. ஜே. பீட்டர் வந்தார், அவர் தம்பி பிலிப்ஸ் பின்னர் வந்தார். ஆகவேதான் 1964இல் டோக்கியோவில் சரண்ஜித் சிங்கின் தலைமையில் இந்தியா தங்கத்தை மீட்டது. கோல் அடித்தவர் மொகிந்தர் லால். கணக்கு மீண்டும் 1-0. இரண்டு தொட்டில்களும் ஒரே மரத்தில் வெட்டியவை ஆதலின், வேறுபாடு என்றும் ஒரு கோலளவே இருந்தது போலும்.

மற்றொரு நுட்பமும் இவ்வரலாற்றிலிருந்து பெறப்படும். மாற்றார் அணியில் மாற்றமே இல்லை என்ற செய்தி வந்தால் என் செய்வது? ‘சென்ற ஆண்டு அணியே இவ்வாண்டும் ஆடும்’ என்று கேட்டு அஞ்சுவோர் மிகப் பலர். பெயர்கள் மாறாமலே ஓர் அணி மாறக்கூடும். எல்லார்க்கும் ஒரு வயது கூடுகிறது அல்லவா? லெஸ்லி குளோடியஸ் 1948 முதல் 1960 வரை நான்கு விழாக்களிலும் ஆடிய பெருவீரர். ரோமில் தலைமை தாங்கியபோது அவர்க்கு வயது முப்பத்து மூன்று. இலண்டனில் தாராவுக்கு இருந்த வயதும் அதுவே. உதம்சிங்கும் 1952 முதல் 1964 வரை நான்கு விழாக் கண்டவர். இப்பெரியாரைக் குறைகூறுவது என் கருத்தன்று. அவர்களின்றி மூன்று தங்கங்கள் வந்திரா. ஆயினும் இருபது வயதினர் நிரம்பிய அணியில் மாற்றமின்மை வேறு. முப்பது வயதினர் நிரம்பிய அணியில் மாற்றமின்மை வேறு. முன்னது முதிர்ச்சி; பின்னது தேய்வு. பாடசாலை அணிக்கு இந்நுட்பம் பொருந்தாது என்று கருதற்க. பதினாறு வயது மாணவர் அறுவர் அப்படியே தொடரும் அணி அடுத்த ஆண்டு இரட்டிப்பு வலிமை பெறும். வயதெல்லையின் விளிம்பில் நின்று உயர்தரப் பரீட்சைக்கு இரவெல்லாம் விழித்திருக்கும் மாணவர் அறுவரைக் கொண்ட அணியின் பட்டியல் மாறாதிருப்பினும், அவர்தம் கால்கள் சென்ற ஆண்டுக் கால்கள் அல்ல.

விலகியவர் எங்குப் போயினர் என்று கேளாமல் விடுவதும் உண்டு. பிரிவினையும் சுதந்திரமும் வந்த காலத்தில் இந்தியாவை விட்டு ஆங்கிலோ இந்தியர் பலர் வெளியேறினர். இந்திய ஹொக்கியில் அவர் பங்கு பெரிது. 1928ஆம் ஆண்டு அணியில் பாதிக்கு மேற்பட்டோர் அச்சமூகத்தினரே. ஜபல்பூரில் பிறந்த பியர்ஸ் உடன்பிறந்தார் ஐவர் குடும்பத்தோடு மேற்கு அவுஸ்திரேலியாவின் பேர்த் நகருக்குப் பெயர்ந்தனர். ஐவரும் பின்னர் அவுஸ்திரேலியாவுக்கு ஆடினர். அவருள் எரிக் பியர்ஸ் 1956 முதல் 1968 வரை நான்கு ஒலிம்பிக் விழாக்களில் ஆடினார். அக்காலத்தில் இந்தியாவுக்கு அவுஸ்திரேலியா ஹொக்கியில் ஒரு பொருட்டன்று. ஆதலால் இப்பெயர்ச்சி எவர் கண்ணிலும் படவில்லை. 1964இல் டோக்கியோ அரையிறுதியில் அவ்வணியை இந்தியா 3-1 என வென்றது. அவுஸ்திரேலியர் வெண்கலத்தோடு திரும்பினர். 1968இல் மெக்சிக்கோ அரையிறுதியில் அவர்கள் இந்தியாவை 2-1 என வென்றனர். 1928இற்குப் பின் முதன்முறையாக இந்தியா இறுதியாட்டத்துக்கு வெளியே நின்றது அன்றுதான். மாற்றான் யார் என்பதே மாறிப்போயிற்று. இந்தியர் பாகிஸ்தானின் பட்டியலையே கூர்ந்து படித்துக்கொண்டிருந்தபோது மூன்றாம் அணி ஒன்று பேர்த் நகரில் வளர்ந்தது.

இவ்விடத்தில் மலைநாட்டில் வாழும் நமக்கு வேறு நினைவுகளும் எழுகின்றன. 1956ஆம் ஆண்டு மொழிச் சட்டத்துக்குப் பின் பறங்கியர் பலர் இலங்கையை விட்டு அவுஸ்திரேலியா சென்றனர். இந்நாட்டுக் கழகங்களிலும் கல்லூரிகளிலும் பல விளையாட்டுகளின் முதுகெலும்பாய் இருந்தோர் அவர்கள். 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. தோட்டத்துப் பிள்ளைகள் பெற்றோரோடு தலைமன்னார் செல்லும் புகையிரதத்தில் ஏறினர். அழுகுரல் நிறைந்த அப்புகையிரதத்துக்கு ஒப்பாரிக் கோச்சி என்று மக்கள் பெயர் வைத்தனர். நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்களிற் குடியேறியவருள் எத்தனை பேர் ஓடத் தெரிந்தவர், எத்தனை பேர் பந்தடிக்கத் தெரிந்தவர் என்று எவரும் எண்ணவில்லை. பாடசாலை இடாப்பில் பெயருக்கு நேரே சிவப்பு மையில் ஒரு கோடு விழுந்தது, அவ்வளவே. அணியொன்றின் பட்டியல் விளையாட்டுக் காரணத்தால் மட்டும் மாறுவதில்லை என்பதை நம்மவர்க்கு எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இனி, காரியத்தின் கடுமை என்று வள்ளுவர் சேர்த்த மற்றைய உறுப்பையும் சிறிது நோக்குவாம். 1975 மார்ச்சில் கோலாலம்பூரில் நடந்த உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் அஜித்பால் சிங் தலைமையில் இந்தியா பாகிஸ்தானை 2-1 என வென்றது. வெற்றிக்கோல் தியான்சந்தின் மகனார் அசோக்குமாருடையது. பதினாறு மாதத்தின் பின், 1976 யூலையில், அதே தலைவரின் கீழ் மொன்றியல் ஒலிம்பிக் சென்ற இந்திய அணி ஏழாம் இடத்தை அடைந்தது. ஆட்களில் இத்தனை வீழ்ச்சியை விளக்கும் மாற்றம் இல்லை. மாறியது தரை. ஒலிம்பிக் ஹொக்கி முதன்முதலாகச் செயற்கைப் புல்தளத்தில் ஆடப்பட்டது அங்கேதான். இயற்கைப் புல்லில் பந்து தாவும், தயங்கும்; கோலின் நுனியில் அதனை அடக்கி ஏமாற்றி நடத்தும் வித்தை அங்கே விலைபெற்றது. செயற்கைத் தளத்தில் பந்து வழுக்கிக்கொண்டு விரையும். ஓடும் வலியும் நேரடியாகப் பந்தனுப்பும் ஒழுங்கும் அங்கே மேலோங்கின. பின்னர் ஆட்டக்காரரை வேண்டியபோதெல்லாம் மாற்றி இறக்கும் விதி வந்தது. 1990களின் பிற்பகுதியில் ‘ஓப்சைட்’ விதியே நீக்கப்பட்டது. பதினொருவரை எண்ணிய காலம் போய்ப் பதினாறு பேரை எண்ணும் காலம் வந்தது. ஆகவே பழைய ஐந்து-மூன்று-இரண்டு கணக்கை அப்படியே இன்றைய அணிக்குப் பொருத்துவோர் ஏமாறுவர். நடுவிடத்தின் நிறை இன்றும் குறையவில்லை. ஆனால் அதனை இருவர் மூவர் மாறிமாறிச் சுமக்கின்றனர்.

இன்று ஆட்கள் ஏலத்திலும் போகின்றனர். இந்திய ஹொக்கி லீக் போட்டிக்காக 2024இல் நடந்த ஏலத்தில் இந்திய அணித்தலைவர் ஹர்மன்பிரீத் சிங்கை ஒரு கழகம் 78 இலட்சம் ரூபாவுக்கு எடுத்தது. ஏலத்தொகை ஆளின் நிறையைக் காட்டும் என்று நம்புவோர் பெருகிவிட்டனர். வாங்குவோர் எத்தனை பேர் போட்டியிட்டனர் என்பதையே அது பெரும்பாலும் காட்டும். அதே 2024இல் பாரிஸ் வெண்கலத்தோடு கோல் காப்பாளர் ஸ்ரீஜேஷ் ஓய்வு பெற்றார். இரண்டு ஒலிம்பிக் விழாக்களில் அடுத்தடுத்து இந்தியாவுக்குப் பதக்கம் காத்துக் கொடுத்தவர் அவர். மாற்றார் மகிழத்தக்க செய்திதான். ஆனால் அவ்விடத்துக்கு உரியவர்கள் ஆண்டுக்கணக்கில் அவர் நிழலிலேயே பழகி வந்தனர். 2025 செப்டெம்பரில் ராஜ்கிரில் நடந்த ஆசியக் கிண்ண இறுதியாட்டத்தில் இந்தியா தென்கொரியாவை 4-1 என வென்றது.

இவற்றையெல்லாம் பாடசாலை அளவுக்குச் சுருக்கினால், எதிரணியைப் பற்றி நம் மாணவர் கேட்கவேண்டிய கேள்விகள் மாறிவிடும். அங்கு எத்தனை பேர் விலகினர் என்று கேட்பதன்முன், சென்ற ஆண்டு அவ்வணியின் இளையோர் பிரிவு எவ்வாறு ஆடிற்று என்று கேட்டல் வேண்டும். பதினைந்து வயதுக்குட்பட்டோர் பிரிவில் கிண்ணம் வென்ற பாடசாலை மூத்தோர் பிரிவில் ஐவரை இழப்பது இழப்பே அன்று. பயிற்றுநர் அங்கேயே இருக்கின்றாரா என்பது அடுத்தது. நல்ல ஆசிரியர் ஒருவர்க்கு இடமாற்றம் வந்தால் அச்செய்தி பத்திரிகையில் வாராது. பத்து ஆட்டக்காரர் விலகியதினும் அதன் விளைவு பெரிது. அதுவும் உடனே தெரியாது, மூன்றாண்டு கழித்தே தெரியும். விலகிய நடுவிடத்தான் ஓய்வாக இருந்த நாட்களில் அவ்விடத்தில் யார் ஆடினான் என்று பழைய ஆட்டக் குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தல் மூன்றாவது. நம் பாடசாலைகளில் அத்தகைய குறிப்பேடு வைத்திருப்பவை எத்தனை? கோல் அடித்தவன் பெயரை எழுதுகிறோம். அவனுக்குப் பந்து கொடுத்தவன் பெயரை எழுதுவதில்லை.

தரையையும் மறத்தல் ஆகாது. மலைநாட்டுப் பாடசாலை மைதானங்களிற் பெரும்பாலானவை புல்லும் மண்ணுமே. மழைக்குப் பின் அவற்றில் வேகமான ஓட்டக்காரனுக்குப் பயனில்லை. பந்தை நிறுத்தத் தெரிந்தவனே அரசன். அதே அணி கொழும்பிலே செயற்கைத் தளத்தில் இறங்கினால் கணக்கு வேறாகும். எதிரணியில் புதிதாய்ச் சேர்ந்தவன் எந்தத் தரையிற் பழகியவன் என்று அறிந்தாலே, அவனைக் கண்டு அஞ்சவேண்டுமா என்னும் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

அடுத்த தவணையில் மாத்தளை அணியொன்று கண்டிக்கு ஆடவரும்போது, எல்லைக்கோட்டருகே ஒரு மாணவன் கொப்பியும் பென்சிலும் கொண்டு உட்காரட்டும். முதல் பத்து நிமிடத்துக்குள் அவர்களுடைய புதிய ‘சென்டர் ஹாஃப்’ பந்தை எத்தனை முறை இடப்பக்கம் தள்ளினான், எத்தனை முறை வலப்பக்கம் தள்ளினான், நெருக்கப்பட்டபோது எப்பக்கம் தள்ளினான் என்பவற்றை அவன் குறித்துவைக்கட்டும். இடைவேளையில் அக்கொப்பி நம் தலைவன் கைக்குப் போகட்டும். இவ்வேலைக்கு உயர்தர வகுப்பு மாணவனைத் தேட வேண்டா. தரம் எட்டில் கூர்ந்த கண்ணுடைய சிறுவன் ஒருவன் போதும்.